பாலித்தீன் பிரிக்காத சோபா

1

இந்தக் கதை நான் யோசித்தது இல்லை. ஆரணி பஸ் ஸ்டாண்டில், போளூர் வண்டி நிற்கும் இடத்தில், என் முதுகுக்குப் பின்னால் நின்று பேசிக்கொண்டிருந்த இரண்டு பெண்களிடமிருந்து எடுத்துக்கொண்டது. நான் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் பேச்சை நிறுத்திவிடுவார்கள்.

"அந்த பெஞ்சு ஹாலுக்குள்ள வரக்கூடாது. சொல்லிட்டேன்."

"அது பெஞ்சு இல்ல அத்தை. சீட்டிங்."

"பேரை மாத்திட்டா ஆச்சா? இந்த பஸ் ஸ்டாண்டுல கீதே, இதுவும் சீட்டிங்தானா?"

"இது இரும்பு அத்தை."

"உக்காந்தா ரெண்டும் ஒரே வலிதான்."

அதற்குள் போளூர் வண்டி வந்துவிட்டது. நான் ஏறிவிட்டேன், அவர்கள் ஏறவில்லை. வண்டி களம்பூர் தாண்டுவதற்குள் மாமியாருக்குத் தேவகி என்றும் மருமகளுக்குச் சிவசங்கரி என்றும் பெயர் வைத்து முடித்திருந்தேன்.

எனக்குக் கதை கண்ணில் தெரியாது, காதில்தான் விழும். ஆள் கறுப்பா சிவப்பா, வீட்டுக்கு எத்தனை ஜன்னல் என்றெல்லாம் கேட்டால் முழிப்பேன். எந்த வார்த்தையில் குரல் இறங்கியது என்று கேளுங்கள், சொல்கிறேன். அதனால் ஆரம்பத்திலேயே ஒரு கஷ்டம். இது மரச்சாமான்களைப் பற்றிய கதை. மரச்சாமான்கள் பேசாது.

2

முதல் தொடக்கம்: "சுற்றுச்சூழலுக்கு உகந்த வீட்டு அமைப்பு என்பது இன்றைய காலகட்டத்தில் மிகவும் —"

வேண்டாம். இதைக் கேட்டதுமே தேவகி எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள்.

இரண்டாவது: "மாலை வெயில் செங்கல் சல்லடைச் சுவர் வழியாக இறங்கித் தரையில் கட்டம் கட்டமாக —"

நான் பார்க்காத வெயில். இதுவும் வேண்டாம்.

மூன்றாவதை நான் எழுதவில்லை. கேட்டது.

"பூச்சு வேலைக்கு ஆள் வரலியா தேவகி?"

இது எதிர்வீட்டு அம்மணி.

"பூச மாட்டாளாம். இப்படியேதான் இருக்கணுமாம்."

"செங்கல்லு பல்லைக் காட்டிகினு கீதே?"

"ஓட்டை வழியா காத்து வருமாம்."

"வருதா?"

"வருது. கொசுவும் கூடவே வருது."

ஆக, வீடு முள்ளிப்பட்டில் இருக்கிறது. புது வீடு. முன்பக்கம் ஹால், பின்னால் தறி ரூம். தேவகி அங்கே பட்டு நெய்கிறாள். பாவு நூலும் ஊடை நூலும் முதலாளி கொடுப்பார், நெய்து மடித்துக் கொடுத்தால் கூலி. மகன் சுதாகர் ஆரணியில் செல்போன் கடையில் இருக்கிறான். அவன் பெண்டாட்டி சிவசங்கரி ஆரணி-சேத்துப்பட்டு ரோட்டில் ஒரு ஷெட்டை வாடகைக்கு எடுத்து மரச்சாமான் செய்கிறாள். புது மரம் வாங்குவதில்லை. இடிக்கிற வீடு, மூடிய அரிசி மில், சரிந்த மாட்டுக் கொட்டகை என்று தேடிப் போய் உத்தரமும் கதவு நிலையும் கூரைப் பனை வாரையும் வாங்கி வருவாள். வார்னிஷ் அடிப்பதில்லை, எண்ணெயும் தேன்மெழுகும் தேய்ப்பாள். திண்டுக்கு இலவம்பஞ்சு. இந்த வீட்டுச் செங்கல் சுவரும் அவள் யோசனைதான்.*

*முதல் வரைவில் ஒரு மாமனாரும் இருந்தார். கடைசிப் பக்கம் வரைக்கும் வாயே திறக்கவில்லை. எடுத்துவிட்டேன். பேசாதவர்களை எனக்கு எழுத வராது.

3

"ஞாயித்துக்கிழமை டாக்டர் மேடம் வர்றாங்க அத்தை."

"யாருக்கு உடம்பு சரியில்ல?"

"உடம்புக்கு இல்ல. ரேணுகாதேவின்னு, சேத்துப்பட்டுல புதுசா கிளினிக் கட்டறாங்க. பேஷண்டுங்க காத்திருக்கிற ஹாலு பூரா நம்ம சாமான் போடலாமான்னு பாக்கணுமாம்."

"ஷெட்டுக்கு வரச் சொல்லு."

"ஷெட்டுல எல்லாச் சாமானும் நல்லாத்தான் இருக்கும், வீட்ல போட்டுப் புழங்குறதைக் காட்டுங்கன்றாங்க."

"புழங்குறதுன்னா?"

"நாம உக்கார்றதை அத்தை."

பஸ் ஸ்டாண்டுப் பேச்சு இதற்கு மறுநாள் நடந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த ஆர்டர் வந்தால் சிவசங்கரியின் ஷெட் நிலைக்கும். வராவிட்டால் மாதக் கடைசியில் பூட்டுச் சாவியை ஷெட்டுக்காரர் பொன்னுசாமியிடம் கொடுத்துவிட வேண்டும். இதுவரை வந்தவர்கள் எல்லோரும் மரத்தைத் தடவிப் பார்த்து, "நல்லாத்தாம்மா கீது, புதுசுல ஏதாவது வெச்சிருக்கியா?" என்று கேட்டுவிட்டுப் போனவர்கள்.

சரி, பெஞ்சை ஹாலில் போட வேண்டியதுதானே? ஹாலில் இடமில்லை. அங்கே ஒரு சோபா இருக்கிறது.

மூன்று பேர் உட்காரலாம். கத்தரிப்பூ கலர் என்கிறாள் தேவகி, மெரூன் என்கிறான் சுதாகர். (எனக்குத் தெரியாது.) உள்ளே மரத்தூளை அழுத்திச் செய்த பலகை, மேலே ரெக்ஸின், அதற்கும் மேலே கடையில் சுற்றிக் கொடுத்த பாலித்தீன் உறை. கிரகப்பிரவேசத்துக்கு முன்னால் தேவகி யாரிடமும் சொல்லாமல் ஆரணி போய்த் தானே பார்த்து எடுத்து, டாட்டா ஏஸ் லோடு வண்டியில் டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்து கொண்டுவந்தது. தை மாதம் வந்தது. இப்போது ஆடி. பாலித்தீன் இன்னும் பிரியவில்லை.

ஒருநாள் சுதாகர் வேலை முடிந்து வந்த களைப்பில் அதில் உட்காரப் போனான்.

"டேய்!"

"இன்னாம்மா?"

"ஒண்ணும் இல்ல. சேரை இழுத்துப் போட்டுக்கோ."

4

தேவகி ஏன் பெஞ்சை வேண்டாம் என்கிறாள்? எழுதுகிறவளுக்குக் காரணம் தெரிந்தாக வேண்டும். முதலில் பகட்டுக்காரி என்று நினைத்தேன். அப்புறம் அதைவிடச் சுலபமாக ஒன்று அகப்பட்டது.

"எந்த வீட்டு மரமோ, எவன் செத்த வீடோ."

நம் ஜனங்கள் சொல்லக்கூடியதுதான். எழுதின கையோடு அதற்குத் தீர்வும் வந்துவிட்டது. அந்த பெஞ்சின் மரம், தேவகி பிறந்த வீட்டுக் கதவு! அண்ணன்கள் விற்றுவிட்ட வீடு. இடித்தபோது விவரம் தெரியாமல் சிவசங்கரி வாங்கி வந்திருக்கிறாள். பலகையின் ஓரத்தில், சின்ன வயதில் தேவகி ஆணியால் கீறிய ஒரு கோலம். அவள் அதன் மேல் விரலை வைத்து, கண் கலங்க, மெதுவாக —

[நீங்களும் இதைத்தானே எதிர்பார்த்தீர்கள்? நானும்தான். மூக்கைக்கூட உறிஞ்சிக்கொண்டேன்.]

அப்போதுதான் தேவகி கேட்டாள்.

"இன்னாக்கா எழுதிகினு கீறீங்க?"

"உங்கம்மா வீட்டுக் கதவும்மா."

"எங்கம்மா வீட்டுல ஏதுக்கா கதவு? சாக்குதான் தொங்கும்."

"கதைக்காக, தேவகி."

"கதைக்காக எங்கம்மா வீட்டுக்குக் கதவு போட்டுக் குடுக்கறீங்களா, சந்தோஷம். என்னை அழ மட்டும் வெக்காதீங்க."

அந்தப் பக்கத்தைக் கிழித்துவிட்டேன். ஆனால் சாக்கு மனதில் தொங்கிக்கொண்டே இருந்தது. கதவு இல்லாத வீட்டிலிருந்து வந்தவள் என்று தெரிந்த பிறகுதான் அவள் பேச்சு எனக்குச் சரியாகக் கேட்கத் தொடங்கியது.

5

சனிக்கிழமை மத்தியானம். தறி ஓடிக்கொண்டிருக்கிறது. சிவசங்கரி தறி ரூம் வாசலில் நிற்கிறாள்.

"ஒரே ஒரு நாளைக்கு அத்தை. சோபாவைப் பின்னாடி வெச்சிடலாம். மேடம் போனதும் திருப்பி நானே ஹால்ல போட்டுடறேன்."

டடக். டடக்.

"அத்தை."

"கேக்குது. நான் இன்னா செவிடா?"

"அவங்க வந்து அந்த சோபாவைப் பாத்தா, உங்க வீட்டுக்கே நீங்க வேற சாமான்தானே வாங்கிப் போட்டிருக்கீங்கன்னு கேப்பாங்க. நான் இன்னா சொல்றது?"

"எங்க மாமியார் ஒரு மாதிரின்னு சொல்லு."

"அப்படிச் சொல்வேனா?"

"ஏன், உங்கம்மாகிட்ட சொன்னதுதான?"

சிவசங்கரி சிரித்துவிட்டாள். தேவகியும் சிரித்தாள் என்று நினைக்கிறேன். தறிச் சத்தத்தில் நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை.

"அந்த சோபா நாலு வருஷம்கூட வராது அத்தை. தண்ணி பட்டா ஊதிக்கும். அப்புறம் குப்பைமேடுதான். என் பெஞ்சு பேரன் பேத்தி காலம் வரைக்கும் இருக்கும். பழசை வீணாக்காம, ஒரு மரத்தை வெட்டாம —"

தறி நின்றது.

"சிவா, என் கல்யாணத்துக்கு வந்த கட்டிலு யாருது தெரியுமா?"

"உங்க சீரு இல்லியா?"

"என் நாத்தனாருது. அவளுக்குப் புதுசு வந்ததும் எனக்குத் தள்ளி உட்டாங்க. பீரோ ஓரகத்தியோடது. குக்கருக்கு மூடி ஒரு வீட்டுலேர்ந்து வந்துச்சு, அடி ஒரு வீட்டுலேர்ந்து. ரெண்டும் சேரவே சேராது, விசிலடிக்காம புஸ்ஸுபுஸ்ஸுன்னு கெடக்கும். இப்ப நீ சொல்றியே, பழசை வீணாக்கக் கூடாதுன்னு. அதைத்தான் நான் பொறந்ததுலேர்ந்து செஞ்சிகினு வரேன். அதுக்கு ஒரு பேரு கீதுன்னு நீ வந்துதான் சொன்ன."

தேவகி தறிமேல் தட்டினாள்.

"தோ, இந்தப் புடவை. இதைவிடப் புதுசு உலகத்துல இன்னா கீது? முதல்ல தொடுறவ நான்தான். மடிச்சிக் குடுத்தா போச்சு. வாழ்நாள் பூரா புதுசெல்லாம் என் கை வழியாத்தான் போவுது. ஒண்ணுகூட நின்னதில்ல. உனக்குப் பழசு புடிக்கிது, நீ தேடிப் போய் வாங்கற. எனக்கு அதுதான் கெடச்சிது. ரெண்டும் ஒண்ணாம்மா?"

[இந்த இடத்தில் சிவசங்கரிக்கு ஒரு பதில் எழுதிப் பார்த்தேன். "மன்னிச்சிடுங்க அத்தை, நான் —" அவள் வாயில் ஒட்டவில்லை. அவள் ஒரு கேள்விதான் கேட்டாள்.]

"அப்ப ஏன் அத்தை இன்னும் நீங்க அதுல உக்காரல?"



"உக்காந்தா பழசாயிடும்ல?"

டடக். தறி மறுபடியும் ஓட ஆரம்பித்தது. அந்தச் சத்தத்துக்கு மேலாகத் தேவகி சத்தம் போட்டுச் சொன்னாள்:

"உன் பெஞ்சைக் கொண்டாந்து சோபாவுக்கு எதிர்ல போடு. நான் சுவரோரமா சோபாவைத் தள்ளி உடறேன். ஆனா அது ஹாலை உட்டுப் போவாது. ஜல்தியா போ, வெளி கேட்டைப் பூட்டிடப் போறான் பொன்னுசாமி."

6

ஆக, ஞாயிற்றுக்கிழமை. ஹாலில் இரண்டு இருக்கைகள் எதிரும் புதிருமாக. முடிவு எழுத வேண்டும்.

ஒரு முடிவு: டாக்டர் வந்து சோபாவில் உட்கார, உள்ளே பலகை படாரென்று விரிசல் விட, எல்லோரும் எழுந்து ஓடி பெஞ்சில் —

"வேணாம் பெரியம்மா." இது சிவசங்கரி.

"ஏம்மா? ஆர்டர் உனக்குத்தானே வரப்போகுது?"

"நீங்க உடைச்சிக் குடுத்து நான் ஜெயிக்கணுமா? உடைஞ்சா அத்தைக்கு வேற சோபா வராது."

சரி. இன்னொரு முடிவு: தேவகி புன்னகையோடு பாலித்தீனைப் பிரித்துச் சுருட்டிக் குப்பையில் போட்டுவிட்டு, மருமகளின் பெஞ்சில் போய் உட்கார்ந்து, "இதான்மா நல்லா கீது" என்று —

"நான் ஏன்க்கா புன்னகைக்கணும்?"

"கதை முடியணுமில்ல, தேவகி."

"முடியட்டும். அதுக்கு நான் ஏன் பல்லைக் காட்டணும்? எங்க வீட்டுச் செவுரு காட்டறது போதாதா?"

மூன்றாவதாக, சுதாகர் நடுவில் வந்து இரண்டு பேருக்கும் பொதுவாக ஏதாவது ஒன்று சொல்லிச் சமாதானம் செய்யலாம். அவனைக் கூப்பிட்டேன். "பேஜாரு பண்ணாதீங்க பெரியம்மா, எனக்குக் கடைக்கு டைம் ஆவுது" என்றான். ஞாயிற்றுக்கிழமை கடை கிடையாது. இருந்தாலும் நான் ஒன்றும் சொல்லவில்லை.

7

டாக்டர் ரேணுகாதேவியை எழுதிவிடலாம் என்று காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கார் நிற்பது கேட்டது. கதவு சாத்துவது கேட்டது. வாசலில் செருப்பைக் கழற்றுவதுகூடக் கேட்டது. பேச்சு மட்டும் வரவில்லை. தண்ணீர் குடிக்கிறீர்களா என்று கேட்டுப் பார்த்தேன். அதற்கும் பதில் இல்லை.

பேசாதவர்களை நான் என்ன செய்வேன் என்று மாமனார் விஷயத்திலேயே சொல்லியிருக்கிறேன்.

டாக்டரை எடுத்துவிட்டேன். ஆனால் வாசலில் யாரோ வந்திருக்கிறார்கள், காரும் நிற்கிறது. அதனால் அந்தச் செருப்பு இனிமேல் படிக்கிற உங்களுடையது. கிளினிக் கட்டுகிறவர் நீங்கள். உட்கார்ந்து பார்த்து, வேண்டும் வேண்டாம் சொல்லப்போவதும் நீங்கள்தான்.

"வாங்க, வாங்க. வெயில்ல வந்திருக்கீங்க."

இது தேவகி. உங்களுக்குப் பின்னால் செங்கல் ஓட்டைகள் வழியாகக் காற்று வருகிறது. (காற்று எனக்கும் கேட்கும்.) ஒரு பக்கம் பெஞ்சு, அரிசி மில் உத்தரத்திலிருந்து செய்தது, மெழுகு வாசனை இன்னும் போகவில்லை. எதிர்ப்பக்கம் சோபா. அதில் உட்காரப்போகும் முதல் ஆள் யார் என்று இன்னும் முடிவாகவில்லை.

"அத்தை, அவங்க இங்க —"

"நீ சும்மாரு சிவா. வீட்டுக்கு வந்தவங்களை நல்ல சாமான்ல உக்கார வெக்கத் தெரியாதா எனக்கு?" தேவகியின் குரல் கொஞ்சம் இறங்குகிறது. 'சாமான்ல' என்கிற இடத்தில். "சோபால உக்காருங்கம்மா."



நான் இதற்கு மேல் எழுதப்போவதில்லை. கேட்டுக்கொண்டு மட்டும் இருக்கிறேன். பாலித்தீன் சரக்கென்றால் எனக்குத் தெரிந்துவிடும். சத்தமே வராவிட்டால் பெஞ்சு. சிவசங்கரி ஆணி இல்லாமல் பொருத்தியிருக்கிறாள், கிறீச்சிடாது. நீங்கள் வாயைத் திறந்து தேவகியிடம் ஏதாவது சொல்வதாக இருந்தால் அதையும் கேட்கத் தயாராக இருக்கிறேன். எனக்குப் பேச்சு போதும்.

காதில் இன்னும் எதுவும் விழவில்லை.

"இன்னாங்க, நின்னுகினே கீறீங்க?"