பச்சைப் போர்வை

ஃப்ரீசர் பெட்டியின் கண்ணாடியில் பனி படிந்திருந்தது. ருக்சார் துப்பட்டா நுனியால் துடைத்தாள். அத்தாவின் முகம் தெரிந்தது, மங்கியது. மறுபடி துடைத்தாள்.

பெங்களூரிலிருந்து அப்போதுதான் வந்திறங்கிய அண்ணன் அமீன் பின்னால் நின்றான்.

“மியூசியத்துக்கு போன் பண்ணியா இல்லியா?”

“பண்றேன்ணே.”

மியூசியத்தில் இருந்தது, இறந்தவரின் ஜனாஸாவைச் சுமக்கும் சந்தூக்குப் பெட்டியின் மேல் விரிக்கிற பச்சை வெல்வெட் போர்வை. முப்பது வருடம் முன்பு அத்தா அப்துல் சமத் ஜரிகையில் கலிமா தைத்துப் பள்ளிவாசலுக்குக் கொடுத்தது. ராயப்பேட்டையின் அந்தத் தெருவில் மௌத்தானவர்கள் எல்லோரும் அதன் கீழ்தான் போனார்கள். அடையாறு மியூசியத்தில் அடுத்த மாதம் தொடங்கும் கைவினைக் கண்காட்சிக்கு அதைக் கேட்டார்கள். ஜமாஅத்தில் பேசி வாங்கிக் கொடுத்தவள் ருக்சார்.

அன்று அத்தா சிரித்தார். “மூணு மாசம் யாரும் மௌத்தாகக் கூடாதுன்னு தெருவுல நோட்டீஸ் ஒட்டிடு.”

போர்வையைக் கொடுத்துப் பத்து நாள்தான் ஆகியிருந்தது.

கண்காட்சித் துணிகளுக்குப் பொறுப்பான காவேரிதான் போனை எடுத்தாள்.

“அத்தா நேத்து தவறிட்டாரு. போர்வை வேணும்.”

“ஃப்ரீசர்ல வெச்சிருக்கோம்ங்க” என்றாள் காவேரி.

“எதை?”

“போர்வையை. பூச்சி சா... பூச்சி போறதுக்கு. ரெண்டு வாரம் வெப்போம். வெளிய எடுத்தா ஒரு நாள் கவரைப் பிரிக்கக் கூடாது. பிரிச்சா ஈரம் கோத்துக்கும், ஜரி கறுத்துடும். வேணும்னா இப்பவே அனுப்பறேன். நீங்க சொல்லுங்க.”

அடக்கம் மாலை அஸர் தொழுகைக்குப் பிறகு. மூன்று மணி நேரம் இருந்தது. பெட்டியின் மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது.

அத்தா வேலைக்கு உட்காருமுன் மூன்று முறை கை கழுவுவார். ஜரியில் ஈரம் படாமலிருக்க, துடைத்த பிறகும் விரல்களை ஃபேனுக்குக் காட்டிக்கொண்டிருப்பார்.

“வேணாம். அங்கயே இருக்கட்டும்” என்றாள் ருக்சார்.

“இன்னா வேணாம்?” அமீன் குரல் உயர்ந்தது. “கறுத்தா கறுக்கட்டும். தெருவுக்கெல்லாம் போத்தினாரு. அவுருக்கு இல்லியா?”

ருக்சார் கண்ணாடியை மறுபடி துடைத்தாள்.

பள்ளிவாசல் மோதினார் நூர் முஹம்மது வாசலிலிருந்து எட்டிப் பார்த்தார். “உடம்புல சுத்துற கஃபன் துணி மூணு, அது வந்தாச்சு. மேல போடுறது எதுவா இருந்தா இன்னா தம்பி? சுத்தமா இருந்தா போதும். குளிப்பாட்டணும், நேரமாவுது.”

அமீன் பீரோவைத் திறந்தான். ரோஜாப்பூ போட்ட பெட்ஷீட். கட்டம் போட்ட பெட்ஷீட். மேல்தட்டில் குழந்தைகளுடையது, கரடி போட்டது.

“இதுல எதை வெச்சு அனுப்புவ? சொல்லு.”

ருக்சார் முன்னறைக்குப் போனாள். தையல் சட்டத்தின் மேல் தூசி படாமலிருக்க அத்தா போட்டு வைத்த வெள்ளைக் காடாத் துணி. எடுத்தாள். கீழே தி. நகர் கடைக்கான கல்யாண ஜாக்கெட், கழுத்துவரை தைத்த மயிலோடு இழுத்துக் கட்டியிருந்தது. ஊசி அதிலேயே குத்தி நின்றது.

துணியை உதறினாள். ஜரித் துணுக்குகள் சில விழுந்தன. சில விழவில்லை.

அமீன் அதை வாங்கி முன்னும் பின்னும் பார்த்தான். மடித்துத் தோளில் போட்டுக்கொண்டான்.

அஸருக்கு முன்னால் சந்தூக் கிளம்பியது. பெண்கள் வாசலோடு நின்றார்கள். வெள்ளைத் துணி தெருமுனை திரும்பியது.

வண்டிக்காரர்கள் வந்து ஃப்ரீசர் பெட்டியைத் தூக்கிப் போனார்கள். அது இருந்த இடத்தில் தரை ஈரமாக இருந்தது. ஈரத்தில் ஒரு ஜரித் துணுக்கு. ருக்சார் விரல் நுனியால் ஒற்றி எடுத்தாள். துப்பட்டாவில் ஈரம் போகத் துடைத்தாள். சட்டத்தின் அருகே அத்தா ஜரித் துணுக்குகளைச் சேர்த்து வைக்கும் தகர டப்பாவைத் திறந்து, உள்ளே போட்டு மூடினாள்.