ஐந்தாவது அட்டை

எங்கள் அகராதி அலுவலகத்தில் சட்டம் ஒன்றே ஒன்றுதான். எடுத்துக்காட்டு வாக்கியத்தை நாமாக எழுதக் கூடாது. யாராவது பேசி, அது நம் காதில் விழுந்திருக்க வேண்டும். அட்டையில் வாக்கியம், சொன்னவர், இடம், நாள் நான்கும் இருக்க வேண்டும். பதினெட்டு வருஷமாக அதை மீறாதவள் நான். அதில் எனக்குக் கொஞ்சம் திமிரும் உண்டு.

இந்த முறை என் பங்குக்கு வந்தது ‘பித்து’. ஒன்றின் மேலேயே மனம் ஒட்டிக்கொண்டு மற்றதெல்லாம் மறந்துபோகும் நிலை என்று பொருள் எழுதிவிட்டேன். அட்டைதான் ஐந்து வேண்டும். ‘பெத்த மனம் பித்து, பிள்ளை மனம் கல்லு’ என்று நீட்டினால், ஆசிரியர் மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார்.

“பழமொழி ஊருக்கே தெரியும்மா. இன்னிக்கு மனுஷங்க எப்படிப் பேசறாங்க, அதக் கொண்டாங்க.”

இன்றைக்கு யாருக்குப் பித்து? எல்லாருக்கும் பைத்தியம்தான் வாயில் வருகிறது. பேருந்திலும் கடைகளிலும் காதைத் தீட்டிக்கொண்டு அலைந்ததில் இரண்டு தேறின. கெடு முடிகிற அன்று, காலையில் மகளோடு சண்டை போட்டுவிட்டு வந்த எரிச்சலில், மீதி மூன்றையும் உட்கார்ந்த இடத்திலேயே எழுதித் தள்ளினேன். சுவர்க் காலண்டரை யாரோ முன்கூட்டியே புரட்டியிருந்ததைக் கவனிக்கவில்லை. மூன்றிலும் அடுத்த மாதத் தேதி விழுந்துவிட்டது; கெடு அவசரத்தில் ஆசிரியரும் அதைப் பார்க்கவில்லை.

அடுத்த மாதம் மூன்றாம் தேதி தையல் கடைக்குப் போனேன். வாயில் குண்டூசியைக் கடித்துக்கொண்டே தையல்காரி சொன்னாள்: “எங்க வீட்டுக்காரருக்குப் பூட்டு மேல பித்து, பூட்டிட்டு ஏழு தடவ இழுத்துப் பாப்பாரு.”

நான் எழுதியது. ஏழு உட்பட, தேதி உட்பட. தற்செயல் என்று சிரித்துக்கொண்டேன். எட்டாம் தேதி மருந்துக்கடைக்காரர், தன் மகனுக்குப் புறா மேல் பித்து என்று நான்காவது அட்டையை அப்படியே ஒப்பித்தார். அப்போது சிரிப்பு வரவில்லை.

ஐந்தாவது அட்டை இது. சொன்னவர், எதிர்வீட்டு அக்கா. இடம், மாடிப்படி. நாள், பன்னிரண்டு. “மக மேல பித்து அவளுக்கு, இப்ப அந்த வீட்ல ரெண்டாவது தட்டுக்கு வேலையில்ல.”

எங்கள் வீட்டில் இருப்பதே இரண்டு தட்டு. எனக்கொன்று, மகளுக்கொன்று.

அட்டையைத் திருப்பிக் கேட்டேன். “அஞ்சுல அதுதாம்மா உசத்தி. அச்சுக்குப் போயாச்சு,” என்றார் ஆசிரியர்.

மகள் சாகப்போகிறாள் என்றுதான் நினைத்தேன். வேறென்ன நினைப்பேன்? அவள் வேலை பார்க்கும் மூக்குக்கண்ணாடிக் கடைக்கு எதிரே தூண் மறைவில் நின்றேன். ஒரே நாளில் பதினொரு முறை போன் செய்தேன். அவள் சோற்றை நான் முதலில் தின்று பார்த்தேன். பதினொன்றாம் தேதி அவளை வேலைக்கே விடவில்லை. பன்னிரண்டாம் தேதி காலை கதவை உள்ளே பூட்டி, சாவியை அரிசி டப்பாவில் புதைத்தேன்.

“அம்மா, சாவியக் குடு.”

“இன்னிக்கு ஒரு நாள் மட்டும் இருடி.”

“நேத்தும் இதான் சொன்ன.” நேராகப் போய் அரிசிக்குள் கைவிட்டாள். பெட்டி முன்பே கட்டியிருந்தது. “அத்தை வீட்டுக்குப் போறேன். இனிமே வரமாட்டேன். தேடி வந்தா அங்கிருந்தும் போயிடுவேன்.”

செருப்புக்கூட இல்லாமல் பின்னால் ஓடினேன். மாடிப்படியில் எதிர்வீட்டு அக்கா, முதுகைக் காட்டிக்கொண்டு, யாரிடமோ போனில் பேசிக்கொண்டிருந்தாள். மெதுவாகத்தான் பேசினாள். நான் காற்புள்ளி வைத்த இடத்தில் நின்று, மூச்சு வாங்கி, மிச்சத்தையும் சொன்னாள்.

பூட்டிப் பூட்டியே நான் அவளை அனுப்பிவிட்டேன்.

மறுநாள் அலுவலகத்தில் ஆறாவது அட்டை ஒன்று எழுதினேன். எதிர்வீட்டு அக்கா, மாடிப்படி, வரும் ஞாயிறு. “பித்துப் பிடிச்ச மாதிரி கெடந்தா, மக வந்தப்புறம்தான் சிரிச்சா.” தேதியை மூன்று முறை சரிபார்த்தேன்.

ஆசிரியர் அதை இரண்டு முறை படித்தார். பிறகு என் மேஜையிலேயே திருப்பி வைத்தார்.

“என்னம்மா இது? பதினெட்டு வருஷத்துல நீங்க இப்படிச் செஞ்சதே இல்லையே. இத யாரும் பேசல. நீங்களா எழுதியிருக்கீங்க.”