மாப்பிள்ளையும் அவித்த பட்டாணியும்

புதிதாக வந்த தலைமையாசிரியை முதல் வேலையாகப் பள்ளி கேண்டீனில் பொரித்த அயிட்டங்களை எல்லாம் நிறுத்தினார். இனி மதியச் சாப்பாட்டில் அவித்த பட்டாணி, கேரட், பீன்ஸ். ஆசிரியர்களும் பிள்ளைகளோடு உட்கார்ந்து அதையே சாப்பிட வேண்டும் என்றார்.

வசமாக மாட்டிக்கொண்டவர் உடற்கல்வி ஆசிரியர். காய்கறியின் அருமையைப் பற்றி மைக் கிடைத்தால் விடமாட்டார். ஆனால் ஒரு பட்டாணிகூட அவர் தொண்டையில் இறங்காது. ஊருக்குத்தான் உபதேசம். சொல்லித் தப்பிக்கவும் வழியில்லை. தலைமையாசிரியை அவருடைய மாமியார். கல்யாணத்துக்கு முன்பே, "நான் எதுவா இருந்தாலும் சாப்பிடுவேன் அத்தை" என்று சொல்லி நல்ல பெயர் வாங்கிவைத்திருந்தார்.

ஆகவே பட்டாணியை ஒவ்வொன்றாகக் கால்சட்டைப் பைக்குள் தள்ளினார். காலித் தட்டைப் பார்த்த சமையல்காரம்மா, "சார் ஒருத்தர்தான் ஆசையா சாப்பிடறாரு" என்று இன்னும் இரண்டு கரண்டி போட்டார். திருடனுக்குத் தேள் கொட்டினாற்போல அவர் சிரித்து வைத்தார். அடுத்த பையும் புடைத்தது.

சாப்பாடு முடிந்ததும் மூன்றாம் வகுப்புக்கு விளையாட்டு நேரம். மைதானத்துக்கு வந்த தலைமையாசிரியை, "நீளம் தாண்டறத பிள்ளைங்களுக்கு ஒருதரம் செஞ்சு காட்டுங்க சார்" என்றார். மறுக்க முடியாமல் ஓடிவந்து தாண்டினார். மணலில் அவர் விழுவதற்கு முன்பே பட்டாணி விழுந்துவிட்டது.

ஒரு சிறுமி குனிந்து பார்த்தாள். "அவிச்சது முளைக்காதே சார்" என்றாள் கவலையோடு.

"என்ன மாப்பிள்ளை இது?" தலைமையாசிரியைக்குப் பள்ளிக்கூடம் என்பதே மறந்துவிட்டது.

அவர் மணலைத் தட்டிக்கொண்டு எழுந்தார். "வாயில வைக்க முடியல அத்தை."

"எங்களுக்கும் முடியல" என்றது வகுப்பு. இரண்டு பேர் சாக்ஸுக்குள்ளிருந்து கேரட்டை எடுத்துக் காட்டினார்கள்.

தலைமையாசிரியை விறுவிறுவென்று சமையலறைக்குப் போனார்.

"உப்பு, மிளகு எதுவும் கூடாதுன்னு நீங்கதானேம்மா சொன்னீங்க" என்றார் சமையல்காரம்மா.

வேலை அதிகம் என்று தலைமையாசிரியை மட்டும் தன் அறையில் வீட்டுச் சாப்பாடு சாப்பிட்டுவந்தார். இப்போது ஒரு கரண்டி பட்டாணியை வாயில் போட்டார். மென்றார். மென்றுகொண்டே இருந்தார். விளக்கெண்ணெய் குடித்த முகத்தோடு ஜன்னல் பக்கம் திரும்பினார்.

"சத்து இருக்கு" என்றார் கடைசியில். "உள்ள போகணுமே."

மறுநாள் முதல் உப்பு, மிளகு, எலுமிச்சைச் சாறு, கொஞ்சம் வெண்ணெய். தட்டுகள் காலியாயின. உடற்கல்வி ஆசிரியரும் பட்டாணிக்கும் பீன்ஸுக்கும் பழகிவிட்டார். கேரட்தான் இன்னும் இறங்கவில்லை. அதனால் அந்தச் சிறுமியின் பக்கத்தில் உட்காருகிறார். அவளுக்கு பீன்ஸ் ஆகாது.

"சீக்கிரம் மாத்துங்க மாப்பிள்ளை சார்" என்கிறாள் அவள். "மேடம் வராங்க."