கயிற்றின் இந்த முனை

ரசாயனம் கலக்கும் பெரிய இரும்புத் தொட்டியான மூன்றாம் எண் ரியாக்டரைச் சுத்தம் செய்ய இறங்கிய ஃபிட்டர் அதற்குள்ளேயே இல்லாமல் போனார்; அவர் இடுப்பில் கட்டியிருந்த கயிறு மட்டும் ஓர் ஆளின் எடையோடு இறுகி நின்றது. விளக்கு இறக்கிப் பார்த்தார்கள். கழுவிக் கவிழ்த்த பாத்திரம் போல உட்புறம் வெறுமையாகப் பளபளத்தது. கயிற்றை மேலே இழுத்தால் வெறும் நுனி வந்தது. திரும்ப இறக்கினால் பாதி வழியில் யாரோ கைநீட்டி வாங்கிக்கொண்டதைப் போல இறுகியது. அன்று ஷிஃப்ட் மாறுவதற்குள் தொழிற்சாலையில் பாதிப்பேர் இதை ஒருமுறை செய்து பார்த்துவிட்டார்கள். மீதிப்பேர் வரிசையில் நின்றார்கள்.

காரணத்தைக் கண்டுபிடிக்க யாரும் சிரமப்படவில்லை. ரியாக்டருக்கு நைட்ரஜன் வரும் குழாயின் குறுக்கே ஒரு இரும்புத் தகட்டைச் செருகி அடைத்த பிறகுதான் ஆள் இறங்க வேண்டும். சின்ன வேலைதானே என்று வால்வை மட்டும் மூடிவிட்டு இறங்கினார்கள். வால்வு கசிந்தது. நைட்ரஜனுக்கு நிறம் கிடையாது, மணம் கிடையாது, தொண்டையை எரிக்காது. மூச்சு விடுகிற ஆள் தான் மூச்சுதான் விட்டுக்கொண்டிருப்பதாக நம்பிக்கொண்டே போய்விடுவார். அதனால்தான் ரியாக்டரின் வாயருகே எப்போதும் ஒரு காவலாள் இருக்க வேண்டும். அவன் கயிற்றை ஒருமுறை சுண்டி இழுப்பான். உள்ளே இருப்பவர் பதிலுக்கு ஒருமுறை இழுப்பார். பதில் வரவில்லையென்றால் அலாரத்தை அடித்துத் தூக்கிவிட வேண்டும். ஆள் வெளியே வரும்வரை, அல்லது இன்னொரு காவலாள் வந்து பொறுப்பேற்கும்வரை, அவன் அந்த இடத்தைவிட்டு அசையக் கூடாது.

அன்று காவலில் இருந்தவன் ஃபிட்டரின் மச்சான். அதாவது ஃபிட்டருடைய மனைவியின் தம்பி. அந்த வேலையை வாங்கிக் கொடுத்ததே அத்தான்தான். பக்கத்து மேடையில் ஒரு ரப்பர் ஹோஸ் நழுவியபோது ஃபோர்மேன், "தம்பி, ஒரு கை குடேன்," என்று கூப்பிட்டார். நல்ல மனிதர், மரியாதையாகத்தான் கூப்பிட்டார். இவனும் மரியாதைக்குப் போனான். கை கொடுத்துவிட்டுத் திரும்பி வந்து கயிற்றை இழுத்தான், பதில் வந்தது. நிம்மதியோடு உள்ளே எட்டிப் பார்த்தால், யாருமே இல்லை.

அதன்பிறகு அவன் அங்கிருந்து எழுந்திருக்கவில்லை. நான்கு பேர் சேர்ந்து தூக்கப் பார்த்தார்கள். அவன் ஹெல்மெட்டைத் தவிர எதுவும் நகரவில்லை. பசித்தால் சாப்பிட்டான். தூக்கம் வரவில்லை. கண் இமைப்பதைக்கூட யாருக்கோ பயந்தவன் மாதிரி அவசரமாக முடித்துக்கொண்டான். அன்றைக்கு முதுகில் படிந்த வியர்வை ஈரம் வெயிலிலும் காயாமல் அப்படியே இருந்தது. கம்பெனி டாக்டர் படியேறி வந்து நாடி பார்த்துவிட்டு, எல்லாம் சரியாக இருக்கிறது, தான்தான் இளைக்க வேண்டும் என்று மூச்சு வாங்கியபடி சொல்லிவிட்டு இறங்கினார்.

ஃபிட்டரின் மனைவி பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். அம்மா போன பிறகு தம்பியைத் தூக்கி வளர்த்தவள் அவள். சாயங்காலம் பள்ளி விட்டதும் டிபன் கேரியரோடு படியேறி வருவாள். முதல் வருடம் அழுதாள். இரண்டாம் வருடம், அழுகைக்கு நடுவே, கயிற்றைக் கவனிக்கத் தொடங்கினாள். மழை நாளில் பதில் கொஞ்சம் தாமதமாக வந்தது. அவள் வாங்கி இழுத்தால் பதில் மெதுவாக, சட்டையில் பட்டன் தைக்கும்போது நூலை இழுப்பதுபோல் வந்தது. தம்பி இழுத்தால் வெடுக்கென்று வந்தது. "பாத்தியா, இன்னும் உன்மேலதான் கடுப்பு," என்பாள். தம்பி அந்த ஒரு பேச்சுக்கு மட்டும் லேசாகச் சிரிப்பான். போனவர் எங்கே போனார் என்ற கேள்வியை அவள் விடவில்லை. ஆனால் தினமும் பார்க்கிற கணக்கைப்போல அது பழகிவிட்டது.

மூன்றாம் வருடம் வேறொன்று தெரிந்தது. தம்பி வெளிறிக்கொண்டு வந்தான். இளைத்து அல்ல, நிறம் போய். முதலில் காது மடல், பிறகு விரல்கள். ஒருநாள் சாயங்காலம் அவன் தோளுக்குப் பின்னால் இருந்த கைப்பிடிக் கம்பி அவன் தோள் வழியாகவே அவளுக்குத் தெரிந்தது. அடுத்த மழைக்காலத்துக்குள் பின்னால் குழாயில் மஞ்சள் பெயின்டில் எழுதியிருந்த எண்ணை அவன் நெஞ்சு வழியாகப் படிக்க முடிந்தது. நைட்ரஜனைப்போல ஆகிக்கொண்டிருந்தான். ஒருவர் போனது போதும் என்று டீச்சர் நினைத்தாள். இவனை எழுப்பியாக வேண்டும்.

மேனேஜர் மாற்று ஆட்களை அனுப்பினார். விதிப்படி தம்பியும் மறுக்கவில்லை. வந்தவரைப் பக்கத்தில் உட்காரவைத்து, கயிற்றைக் கையில் கொடுப்பான். கொஞ்ச நேரம் கழித்து, "அண்ணே, அந்தக் கையுறைய எடுத்துத் தாங்களேன்," என்பான். அவர் எழுந்து எடுத்துக் கொடுப்பார். தம்பி கயிற்றைத் திரும்ப வாங்கிக்கொள்வான். வந்தவர்கள் எல்லோரும் எழுந்தார்கள். ஒருவர், "கையுறைதானேய்யா கேட்ட?" என்று கோபித்துக்கொண்டார். "அவரும் கைதான் கேட்டாரு," என்றான் தம்பி.

ஊர் முழுக்க இந்தப் பேச்சாக இருந்ததால் ரசாயனத் தொழிற்சாலைகளுக்குப் பாதுகாப்புப் பயிற்சி தருகிற மையத்திலிருந்து ஒருவர் வந்தார். எதைச் சொன்னாலும் "ஏன்?" என்று கேட்பதால் அவருக்கு 'ஏன் சார்' என்று பெயர். பல கம்பெனிகளின் என்ஜினியர்கள், ஆபரேட்டர்கள், சூப்பர்வைசர்கள் என்று தன் வகுப்பையே அந்த ரியாக்டரின் அடியில் கொண்டுவந்து உட்காரவைத்தார். டீச்சரும் டிபன் கேரியரோடு கடைசி வரிசையில் உட்கார்ந்தாள். ஏன் நைட்ரஜன் வந்தது? தகடு போடவில்லை. ஏன்? நேரமாகும் என்று. ஏன் அவ்வளவு அவசரம்? இப்படியே போய், காவலாள் ஏன் எழுந்தான் என்ற இடத்துக்கு வந்தார். ஃபோர்மேன் கூப்பிட்டார். கூப்பிட்டால் ஏன் எழுந்தான்?

நரைத்த சூப்பர்வைசர் ஒருவர், "பெரியவங்க கூப்பிட்டா எப்படி சார் போகாம இருக்கறது?" என்றார்.

ஏன் சார் முதல்முறையாக ஏன் என்று கேட்கவில்லை. வால்வுக்கும் தகட்டுக்கும் பாடம் இருந்தது, இதற்கு இல்லை. அவர் அன்றைக்கே ஒன்று தயாரித்தார். பயிற்சிக்கு வந்தவர் ஒரு மாதிரித் தொட்டியின் வாயில் கயிறோடு உட்கார வேண்டும். யாராவது வந்து கூப்பிடுவார்கள். எழுந்தால் தோல்வி. கூப்பிடுகிற வேலையை, அன்று தம்பியைக் கூப்பிட்ட ஃபோர்மேன் தானே கேட்டு வாங்கிக்கொண்டார். அந்த நாளுக்குப் பிறகு அவர் யாரையும் உதவிக்குக் கூப்பிடாமல் தனியாகவே எல்லாவற்றையும் தூக்கிச் சுமந்ததில் அவருக்கு இடுப்பு பிடித்துப்போயிருந்தது. அவர் குரல் தேன் மாதிரி இருக்கும். "சார், உங்க கார் லைட்டு எரியுதுங்க," என்பார், மேனேஜர் எழுந்துவிடுவார். "தம்பி, தலை சுத்துது, கொஞ்சம் பிடிச்சுக்கோ," என்பார், எல்லோரும் எழுந்துவிடுவார்கள். அவர்கள் எழுந்த பிறகு அவரே உட்கார்ந்து அழுவார் என்றும், அந்த அழுகைதான் பாடம் என்றும் படித்துப் போனவர்கள் சொன்னார்கள்.

டீச்சர் பள்ளியில் நீண்ட விடுப்பு எடுத்துக்கொண்டு மையத்தில் சேர்ந்தாள். வாயுக்களைப் படித்தாள், காற்றை அளக்கும் கருவியைப் படித்தாள். தொட்டியின் வாயில் முதல் தடவை எழுந்தாள், இரண்டாம் தடவையும் எழுந்தாள். "உங்களுக்கு இது வராதும்மா, இளகின மனசு," என்றார் ஃபோர்மேன்.

"இளகின மனசுக்குத்தான் உக்காரணும்ங்க," என்றாள் டீச்சர். "கல்மனசுக்காரிக்கு உக்கார என்ன கஷ்டம்?" மூன்றாம் தடவை அவர் தலை சுற்றுகிறது என்றபோது, அவள் கயிற்றை விடாமல், கத்திக் கூப்பிட்டு வேறு ஆளை வரவழைத்தாள்.

ஹெல்மெட்டும் பூட்ஸும் போட்டுக்கொண்டு அவள் மேடை ஏறியபோது தம்பியில் பெரும்பாலும் சட்டைதான் மிச்சமிருந்தது. முகம் இருக்கிற இடத்தில் வானம் தெரிந்தது. "காவல் மாத்த வந்திருக்கேன்," என்றாள். அவன் கயிற்றைக் கொடுத்தான். அவள் ஒருமுறை இழுத்தாள், பதில் வந்தது.

"அக்கா."

"சொல்லு."

"தாகமா இருக்கு. கீழ படிகிட்ட தண்ணி பாட்டில் இருக்கு. எடுத்துட்டு வாயேன்."

கீழே ஏன் சாரும் ஃபோர்மேனும் ஒரு வகுப்பும் அண்ணாந்து நின்றார்கள். தம்பி பொய் சொல்லவில்லை என்பது அவளுக்குத் தெரிந்தது. உதடு இருக்கும் இடத்தில் காற்றே காய்ந்து வெடித்திருந்தது. சின்ன வயதில் தூக்கத்தில் தண்ணீர் என்று முனகினாலே எழுந்து ஓடியவள் அவள். கால் தானாக எழப் பார்த்தது. அவள் ரியாக்டரின் வாயிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"நீ போய்க் குடிச்சுக்கடா," என்றாள்.

"அக்கா, நெஜமாவே தாகம்."

"தெரியுது. அதனாலதான் சொல்றேன். போய்க் குடி. நான் இருக்கேன்."

சட்டை கொஞ்ச நேரம் அசையாமல் இருந்தது. பிறகு எழுந்தது. முழங்கால் மடங்கி, கம்பியைப் பிடித்து, ஒவ்வொரு படியாக இறங்கியது. கீழே பாட்டில் காற்றில் சாய்ந்தது. தண்ணீர் தொண்டை வழியாக இறங்குவதை எல்லோரும் பார்த்தார்கள். அது போன வழியெல்லாம் நிறம் திரும்பியது. கழுத்து, நெஞ்சு, வயிறு, கடைசியாகக் காது. அவன் அங்கேயே தரையில் படுத்துத் தூங்கிப்போனான். முதுகு ஈரம் தூக்கத்திலேயே காய்ந்தது. மேலே டீச்சர் இதில் எதையும் பார்க்கவில்லை. பார்க்கக் கூடாது.

அவன் இப்போது மையத்தில் பாடம் எடுக்கிறான், இரண்டு பெண் குழந்தைகள், கொஞ்சம் தொப்பை. மூன்றாம் எண் ரியாக்டரை அப்படியே விட்டுவிட்டு, அதைச் சுற்றிப் புதுக் குழாய்களை வளைத்துக் கொண்டுபோய்விட்டார்கள். பயிற்சிக்கு வருகிறவர்கள் முறை வைத்து அங்கே காவல் இருக்கிறார்கள். டீச்சருக்குச் சனிக்கிழமை மதியம். வருடாந்திர ஆய்வுக்கு வருகிற அதிகாரிகள் விளக்கு இறக்கிப் பார்த்து, உள்ளே யாருமில்லை என்று எழுதிக்கொள்கிறார்கள். பிறகு கயிற்றை ஒருமுறை இழுத்து, பதில் வந்ததும், அடுத்த ஷிஃப்டுக்கு யார் வருகிறார்கள் என்று விசாரித்துவிட்டு இறங்கிப் போகிறார்கள்.