பல் டாக்டரின் பந்தய வண்டி

என் வீட்டுக்காரர் ரேஸ் டிராக்கில் முதன்முதலாகக் கார் ஓட்டிவிட்டுத் திரும்பிய அன்று, வாசலில் நின்று விடாமல் ஹாரன் அடித்தார். கேட்டைத் திறப்பதற்காக அல்ல. கேட் திறந்துதான் கிடந்தது. நானும் மகளும் வெளியே வந்து பார்க்க வேண்டுமாம். பார்த்தோம். சிவப்புக் காரின் இரண்டு பக்கமும் கருப்புக் கருப்பாக ரப்பர் துணுக்குகள் அப்பிக்கிடந்தன. மற்ற வண்டிகளின் டயரிலிருந்து பிய்ந்து வந்து ஒட்டிக்கொண்டவை. நான் துணியை எடுத்துக்கொண்டு போனேன்.

"ஐயோ, தொடாதே!" என்று அலறினார். "அதெல்லாம் பதக்கம் மாதிரி. ஒரு வாரமாவது இருக்கட்டும்."

"முன்னாடி போற வண்டி கிளப்பி விட்டதுதானே இது? அப்போ எல்லாருமே உங்களுக்கு முன்னாடி போயிருக்காங்க."

ஹெல்மெட்டைக் கழற்றாமலே உள்ளே போய், நிலைப்படியில் இடித்துக்கொண்டார்.

அவர் பல் டாக்டர். கைராசியான டாக்டர்தான், அதை நான் மறுக்க மாட்டேன். ஆனால் அவருக்கு ஒரு வியாதி உண்டு. எது பளபளவென்று இருக்கிறதோ அது நல்ல நிலையில் இருக்கிறது என்று நம்பிவிடுவார். எங்கள் வீட்டுச் சமையலறைக் குழாய் மாதக்கணக்காக ஒழுகுகிறது; ஆனால் அந்தக் குழாயில் முகம் பார்த்துத் தலை வாரலாம். எங்கள் வீடு சரிவான ஒரு தெருவின் உச்சியில் இருக்கிறது. அதே தெரு கீழே இறங்கி வளைகிற இடத்தில் அவருடைய கிளினிக். கிளினிக் வாசலில் ஒரு ஆள் பருமனுக்குக் கடைவாய்ப் பல் ஒன்றைச் செய்து இரண்டாள் உயர இரும்புக் குழாய்மேல் நிறுத்தி வைத்திருக்கிறார். அந்தப் பல்லுக்கும் வாரம் தவறாமல் பாலிஷ் உண்டு. தினமும் காலையில் காரில் சர்ரென்று இறங்கிப் போய், பல்லுக்குச் சற்று முன்னால் பிரேக் போட்டு நிறுத்துவார். காத்திருக்கிற நோயாளிகள் பார்த்து வாய் பிளக்க வேண்டுமாம். பல்வலியோடு வந்தவர்கள் வேறு எதற்கு வாயைப் பிளக்கப் போகிறார்கள்.

ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருப்பவர்கள் சேர்ந்து ஒரு குழு வைத்திருக்கிறார்கள். எல்லோருக்கும் தொப்பை, எல்லோருக்கும் பட்டப்பெயர். ஒருத்தர் சிறுத்தையாம், ஒருத்தர் மின்னலாம். இவருக்குப் புயல் என்று பெயர். டிராக்கில் எடுத்த வீடியோவை அவரே பெருமையாகப் போட்டுக் காட்டினார். புயல் கரையைக் கடந்ததோ இல்லையோ, மற்ற அத்தனை பேரும் புயலைக் கடந்துவிட்டார்கள்.

"கடைசி ரவுண்டுல பிரேக் பெடல் மெத்துமெத்துனு உள்ள போச்சு. அதான் மெதுவா ஓட்டினேன்," என்றார் சாப்பிடும்போது.

"முதல் ரவுண்டுல?"

"அது வண்டியைச் சூடு பண்றதுக்கு."

சிரிப்பை அடக்க நான் தண்ணீர் குடித்தேன். பிறகுதான் அவர் சொன்னது உறைத்தது. பிரேக் பெடல் உள்ளே போயிருக்கிறது. அதே வண்டியில்தான் அடுத்த ஞாயிற்றுக்கிழமை எங்கள் மகளை ஏற்றிக்கொண்டு போவதாக இருந்தார்.

குழுவில் எல்லோரும் வரிசையாக மலைப்பாதையில் இறங்கி ஏரிக்கரைக்குப் போவதாக ஏற்பாடு. ஒவ்வொருத்தரும் வீட்டிலிருந்து ஒரு ஆளைக் கூட்டிவரலாம். நான் வர மாட்டேன் என்று அவருக்குத் தெரியும். மகளிடம் கேட்டார். அவளுக்கு ஒன்பது வயது. அப்பாவுக்குப் பக்கத்து சீட்டில், கூரையைக் கழற்றிய காரில், கருப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு உட்கார வேண்டும் என்று ஒரு வருஷமாக ஏங்கிக்கொண்டிருக்கிறாள். உட்கார்ந்தால் காரின் முன்கண்ணாடி வழியாக ரோடு தெரியாது என்பதால் சோபாவிலிருந்து ஒரு மஞ்சள் குஷனை எடுத்து முன்கூட்டியே அந்த சீட்டில் போட்டு வைத்துவிட்டாள்.

அந்த மலைப்பாதையை எனக்குத் தெரியும். ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் ஒன்றுமே இல்லை. "போகக் கூடாது" என்று நான் சொல்லியிருக்கலாம். சொன்னால் அப்பாவும் மகளும் சேர்ந்து ஒரு மாதம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார்கள். அதனால் நிபந்தனை போட்டேன்.

"மெக்கானிக் வந்து பிரேக்கைப் பாக்கணும். அப்புறம், பாப்பா ஏர்றதுக்கு முன்னாடி அவ இல்லாம வண்டி இந்தத் தெருவுல இறங்கி நிக்கணும். அதை நான் என் கண்ணால பாக்கணும்."

"வண்டியைப் பத்தி உனக்கு என்ன தெரியும்?"

"ஒண்ணும் தெரியாது. அதனாலதான் கண்ணால பாக்கணும்ங்கறேன்."

எனக்குத் தெரிந்ததெல்லாம் மருந்துதான். கடைத்தெருவில் மருந்துக்கடை வைத்திருக்கிறேன். ஒரு டப்பாவைக் கையில் எடுத்தால் பொடி எழுத்து உட்பட எல்லாவற்றையும் படிக்காமல் கொடுக்க மாட்டேன். இவர் ஜென்மத்தில் ஒரு டப்பாவின் பின்பக்கத்தைப் பார்த்தவர் இல்லை.

வெள்ளிக்கிழமை மெக்கானிக் வந்தார். வாய் ஓயாத மனிதர். வண்டியைத் தூக்கி நிறுத்தி, சக்கரங்களைக் கழற்றி, எந்தெந்தப் பணக்காரர் எந்தெந்த வண்டியை எப்படிக் கெடுத்தார் என்று ஊர்க்கதை பேசிக்கொண்டே வேலை செய்தார். பழைய பிரேக் ஆயில் கருத்துப்போய் வந்தது. டிராக்கில் விடாமல் மிதித்து மிதித்து ஆயில் கொதித்துவிட்டதாம். அதை வடித்துவிட்டுப் புதிதாக ஊற்றினார். பிரேக் கட்டைகள் தேய்ந்திருந்தன, அவற்றையும் மாற்றினார். எல்லாம் முடிந்து சக்கரத்தை மாட்டப் போகும்போதுதான் என் வீட்டுக்காரர் அதைப் பார்த்தார்.

சக்கரத்துக்குள் ஒரு இரும்புத் தட்டு இருக்கிறது. பிரேக் கட்டை அந்தத் தட்டைத்தான் கவ்விப் பிடிக்கும், வண்டி நிற்கும். அந்தத் தட்டில் நீலமும் ஊதாவுமாகத் திட்டுத் திட்டாக இருந்தது.

"என்னப்பா இது, கறை?"

"கறை இல்ல சார். சூட்டுல நிறம் மாறியிருக்கு. அது ஒண்ணும் பண்ணாது. அப்படியே விட்டுடுங்க."

"பாக்க அசிங்கமா இருக்கே."

"யாரு சார் குனிஞ்சு பாக்கப் போறாங்க? விட்டுடுங்க."

மெக்கானிக் தெருவில் இறங்கி, நிறுத்தி, திரும்பி வந்து காட்டினார். நான் கேட்டருகே நின்று பார்த்தேன். வண்டி சொன்ன இடத்தில் நின்றது. எனக்கும் மூச்சு வந்தது. என் வீட்டுக்காரர் மட்டும் அந்தச் சக்கரத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். கறை என்று ஒன்று கண்ணில் பட்டுவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது.

சனிக்கிழமை நான் கடைக்குப் போய்விட்டேன். மகளுக்குப் பள்ளிக்கூடம் இல்லை. இவர் கிளினிக்கைப் பூட்டிவிட்டு வீட்டில் இருந்தார். சாயங்காலம் திரும்பி வந்தால், கார் கண்ணைக் கூச வைத்தது. பல் துலக்கும் பிரஷ், வாய்க்குள் விட்டுப் பார்க்கும் குட்டிக் கண்ணாடி, நெற்றியில் கட்டும் விளக்கு எல்லாம் தரையில் பரப்பிக் கிடந்தன. இன்ஜின் மூடிக்குக் கீழே கூட ஒரு பொட்டுத் தூசி இல்லை. ஆனால் பக்கவாட்டில் அந்த ரப்பர் துணுக்குகள் மட்டும் அப்படியே இருந்தன. ஒவ்வொரு துணுக்கையும் விட்டுவிட்டு, அதைச் சுற்றிச் சுற்றித் துடைத்திருக்கிறார்! பத்து மாதக் குழந்தையைக் கூட இந்த மனுஷன் இவ்வளவு பதமாகக் குளிப்பாட்டியது கிடையாது.

"அம்மா, நானும் ஹெல்ப் பண்ணினேன்," என்றாள் மகள். அவள் கையெல்லாம் பழ மிட்டாய் வாசனை. ஏதோ பாலிஷ் போலிருக்கிறது என்று நினைத்துக் கையைக் கழுவச் சொன்னேன். அதற்கு மேல் கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் வெளியே வரும்போது மகள் ஏற்கெனவே சீட்டில் இருந்தாள். மஞ்சள் குஷன், பெல்ட், கருப்புக் கண்ணாடி எல்லாம் தயார். இவர் கையுறை மாட்டிக்கொண்டிருந்தார். பல் பிடுங்கும்போது போடுகிற கையுறை அல்ல, தோல் கையுறை. விரல் நுனி இல்லாதது.

"பாப்பா, இறங்கு," என்றேன். "முதல்ல வண்டி போய் நின்னு காட்டட்டும்."

"அதான் முந்தாநாள் மெக்கானிக் காட்டினானே! நீயே கண்ணால பாத்தியே!"

"முந்தாநாள் பாத்தேன். நேத்து முழுக்க நீங்க தனியா இந்த வண்டியோட இருந்திருக்கீங்க. எனக்கு அது போதும்."

"துடைச்சேன்டி! துடைக்கறது ஒரு தப்பா? அங்க எல்லாரும் காத்துக்கிட்டு இருக்காங்க. மின்னல் ரெண்டு தடவை போன் பண்ணிட்டான்."

"மின்னல் காத்திருக்கட்டும். இடியையும் கூட்டி வச்சுக்கிட்டுக் காத்திருக்கட்டும்."

நானே போய்ப் பெல்ட்டைக் கழற்றினேன். மகள் கத்தினாள். சீட்டைப் பிடித்துக்கொண்டாள். தூக்கி இறக்கியபோது என் முகத்தைப் பார்த்து, "நீ ரொம்ப மோசம்மா. உனக்கு அப்பாவைப் பிடிக்காது. அதான்," என்றாள். சுருக்கென்றது. ஏங்கி ஏங்கி அழுகிற பிள்ளையைப் பார்த்து எனக்கே மனசு இளகிவிட்டது. சரி, போய்த் தொலைங்க என்று சொல்ல வாயைக் கூடத் திறந்துவிட்டேன். அதற்குள் அவருக்கு ரோஷம் வந்துவிட்டது. அவருடைய ரோஷத்துக்கு நான் கும்பிடு போட்டது வாழ்க்கையில் அந்த ஒரு தடவைதான்.

"பாத்துக்கோ! நல்லாக் கண்ணை விரிச்சுப் பாத்துக்கோ!" என்று கத்திவிட்டு வண்டியைக் கிளப்பினார்.

கோபத்தில் மெதுவாகப் போகத் தெரியுமா அவருக்கு? வழக்கம்போல சர்ரென்று இறங்கினார். வழக்கம்போலப் பல்லுக்கு முன்னால் பிரேக் போட்டார். போட்டார் என்று எனக்குத் தெரியும், பின்னால் சிவப்பு விளக்கு எரிந்தது. விளக்கு எரிந்தது, வண்டி நிற்கவில்லை. விளக்கு எரிய எரிய வழுக்கிக்கொண்டே போனது. கடைசியில் ஸ்டியரிங்கை ஒடித்திருக்கிறார். காரின் இடது பக்கம் பல்லைத் தாங்கிய இரும்புக் குழாயில் போய் இடித்தது. குழாய் மடங்கியது. பல் மேலே ஒரு முறை ஆடியது, பிறகு மெதுவாகச் சாய்ந்து கூரை கழற்றிய காருக்குள் விழுந்தது.

நான் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு ஓடினேன். செருப்பு எங்கே போனது என்று தெரியவில்லை. போய்ச் சேர்வதற்குள் அவர் கதவைத் திறந்து வெளியே வந்திருந்தார். நெற்றியில் ஒரு கீறல், வேறு ஒன்றும் இல்லை. உயிரோடு இருக்கிறார் என்று தெரிந்ததும் எனக்குத் திட்டுவதற்கு வாய் நிறைய வந்தது. பத்து வருஷத்துக்கு உண்டானதைச் சேர்த்துத் திட்டியிருப்பேன். அவர் முந்திக்கொண்டார்.

"அந்த மெக்கானிக் பய ஏமாத்திட்டான். பிரேக்கே பிடிக்கல. அவனைச் சும்மா விடப் போறதில்ல," என்றார்.

"ஏம்ப்பா பிடிக்கல?" என்று கேட்டாள் மகள். "நாமதான் நேத்து அந்தத் தட்டையெல்லாம் பளபளன்னு ஆக்கினோமே. டயருக்கு அடிக்கிற ஸ்ப்ரே அடிச்சோமே. நான்தானே டப்பாவைக் குலுக்கிக் குலுக்கிக் கொடுத்தேன்."

தெருவில் கூட்டம் சேர ஆரம்பித்திருந்தது. பிரேக் கவ்விப் பிடிக்க வேண்டிய தட்டில், நாலு சக்கரத்திலும், வழுக்குகிற பாலிஷை அடித்துத் துணியால் தேய்த்து முகம் பார்த்திருக்கிறார் மகாராசன். கறை போய்விட்டது. நான் அவர் முகத்தைப் பார்க்காமல் காரைப் பார்த்தேன்.

அந்தப் பெரிய வெள்ளைப் பல் பக்கத்து சீட்டில் உட்கார்ந்திருந்தது. சீட்டின் முதுகு மடிந்து பின்னால் போயிருந்தது. பல்லுக்கு அடியில் மஞ்சளாக ஒரு ஓரம் மட்டும் தெரிந்தது. எனக்கு வாயில் இருந்த அத்தனை வசவும் போய்விட்டது. அப்படியே ரோட்டில் உட்கார்ந்துவிட்டேன்.

அவரும் அப்போதுதான் அதைப் பார்த்தார். காரைத் தொட்டுப் பார்க்கப் போன கை பாதியில் நின்றது.

மகள் என்னைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். அவளுக்கு உதடு துடித்தது. "நான் குலுக்கிக் கொடுத்ததாலதான் இப்படி ஆச்சா?" என்றாள்.

அவர் குனிந்து ஷூவைப் பார்த்தார். அதுவும் பளபளவென்றுதான் இருந்தது.

"சொல்லுங்க," என்றேன். "என்கிட்ட சொல்ல வேண்டாம். அவகிட்ட சொல்லுங்க."

கையுறையைக் கழற்றினார். அவள் முன்னால் ரோட்டில் முட்டி போட்டார். "நீ இல்லடா கண்ணு," என்றார். "மெக்கானிக் வேண்டாம்னுதான் சொன்னார். அப்பாதான் கேக்கல."

அவள் தலையாட்டினாள். பிறகு குஷனை எடுக்க வேண்டும் என்று காரை நோக்கிப் போகப் பார்த்தாள். நான் கையை விடவில்லை. இழுத்துப் பார்த்தாள், வலிக்குதும்மா என்றாள். அப்போதும் விடவில்லை.