சாம்பிராணிக்குக் கழற்றிய பேட்டரி

பிரிஞ்சாங் மலைச் சந்தையில் சில்லறைக்காக ஸ்வெட்டர் பைக்குள் கைவிட்ட குமுதாவுக்கு இரண்டு பேட்டரிகள் அகப்பட்டன.

கேம்பர்வேனில் இருக்கவேண்டிய பேட்டரிகள். கியா பார்ம் என்ற ஊரில் தங்கள் பூத்தோட்டத்து ஓரமாகப் படுக்கை போட்ட ஒரு பழைய வேனை நிறுத்தி, அவளும் புருஷன் தர்மாவும் வாடகைக்கு விடுகிறார்கள். யார் யாரோ படுத்து எழுந்த இடம். புதிதாக ஆள் வருமுன் கரி நெருப்பில் சாம்பிராணி போட்டுக் காட்டாவிட்டால் அவளுக்கு மனசு ஆறாது. ஆனால் விஷவாயுவைக் கண்டுபிடிக்கக் கட்டிலருகே மாட்டியிருக்கும் டிடெக்டருக்கு அவளுடைய பக்தி பிடிக்காது. தூபக்காலோடு நுழைந்தாலே ஊரைக் கூட்டும். அதனால் முதலில் பேட்டரியைக் கழற்றிவிடுவாள், புகை போனதும் மாட்டுவாள். மாதம் தவறாமல் தர்மா பொத்தானை அழுத்திச் சோதித்து வைக்கிற சாமான் அது. இன்று காலை, ஈப்போவிலிருந்து ப்ரியா என்ற பெண் கைக்குழந்தையோடு சொன்ன நேரத்துக்கு முன்பே வந்து நின்றுவிட்டாள். அந்த அவசரத்தில் மறந்துபோயிற்று.

இப்போது மழை வேறு. ப்ரியா ஜன்னலையெல்லாம் சாத்திவிட்டு கேஸ் ஹீட்டரைப் போட்டிருப்பாள். குமுதா போன் போட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது, ப்ரியா எடுக்கவில்லை. பக்கத்தில் நின்ற தர்மாவின் கையைப் பிடித்து இழுத்தாள்.

"என்னங்க, லோரிய எடுங்க!"

வழியில் விஷயத்தைச் சொன்னாள். தர்மாவின் முகம் செத்துப்போனது.

"சாம்பிராணிக்கா கத்துச்சுன்னு நெனச்ச? கரி நெருப்புலேருந்து வர்றதும் அதே வெஷ கேஸுதான்டி. அது சரியாத்தான் கத்தியிருக்கு லா."

சனிக்கிழமை. ஸ்ட்ராபெரி கடைகளுக்கு வந்த கார்கள் ரோட்டை அடைத்து நின்றன. குமுதா இறங்கி ஓடினாள். செருப்பு ஒன்று சேற்றிலேயே நின்றுவிட்டது.

வேனின் ஜன்னல்கள் உள்ளே படிந்த ஆவியில் வெள்ளையாகப் பூத்திருந்தன. கதவை இடித்தாள். வெகுநேரம் கழித்துத் தாழ் விலகியது.

"அக்கா... தலைய சுத்துது. பாப்பா எந்திரிக்கவே மாட்டேங்குது."

ப்ரியாவை வெளியே இழுத்துவிட்டு, மூச்சை அடக்கிக்கொண்டு உள்ளே பாய்ந்து குழந்தையை வாரி வந்தாள். தலை தோளில் துவண்டு விழுந்தது. லோரியை அப்படியே விட்டுவிட்டுப் பின்னாலேயே ஓடிவந்த தர்மா கேஸை மூடிவிட்டு, ஆம்புலன்ஸுக்கு அடித்து வழி சொன்னான். திறந்த கதவு வழியாகப் பேச்சுமூச்சில்லாத டிடெக்டர் தெரிந்தது. அதைப் பார்க்கவே அவளுக்குக் கூசியது.

மழையில் நின்று குழந்தையின் உள்ளங்காலைச் சுண்டினாள். இன்னொரு முறை, அழுத்தி.

"அழு சாமி. ஊரையே கூட்டு. அழுடா கண்ணு."

சின்ன விரல்கள் லேசாக மடங்கின. வாய் திறந்தது. சத்தம் இன்னும் வரவில்லை.