புல்லில் நின்ற பச்சை பிக்கப்

வெர்லின் ட்வெட் தன் பிக்கப் வண்டியைச் சாலையோரப் புல்லில் கொண்டுவந்து நிறுத்தி, கண்ணாடிக்குப் பின்னால் ‘விற்பனைக்கு’ என்று அட்டை வைத்த அன்று, எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. என் காப்பிக்கடை அவர் வீட்டுக்கு நேர் எதிரே, நெடுஞ்சாலைக்கு இந்தப் பக்கம். வண்டியைப் பார்க்க நிறுத்துகிறவர்கள் அப்படியே கடைக்கும் வருவார்கள் என்று கணக்குப் போட்டேன்.

ஐம்பத்தொன்றாம் வருஷத்து செவ்ரோலெட் அது. தானியக் கிடங்குக்குப் பின்னால் துருப்பிடித்து, இருக்கைக்குள் எலிகள் குடும்பம் நடத்தக் கிடந்ததை அவர் இழுத்து வந்தபோது அவர் மனைவி ஆர்டிஸ் உயிரோடு இருந்தாள். “அதைக் கொட்டகைக்குள்ள தள்ளுங்க, என் கண்ணுல படக் கூடாது!” என்று அவள் போட்ட சத்தம் என் கடைவரை கேட்டது. அந்தக் குளிர்காலத்திலேயே அவள் போய்விட்டாள். பிள்ளைகள் கிடையாது.

அதன்பிறகு வெர்லினுக்கு எல்லாமே அந்தக் கொட்டகைதான். கதவுக் கைப்பிடிக்காக ஒஹையோவில் ஒருவர், முன்விளக்கு வளையத்துக்காக டெக்சஸில் ஒருவர் என்று போனிலேயே அவருக்குச் சிநேகிதர்கள் கிடைத்தார்கள். பலகை வாங்குவார், போல்ட்டு தேடுவார், கிடைத்ததை என்னிடம் கொண்டுவந்து காட்டுவார். பல வருஷம் அப்படிப் போனது. பிறகு ஒரு வசந்தத்தில் வண்டி முடிந்துவிட்டது. கரும்பச்சை வண்ணம். பின்தளத்தில் மெருகேற்றிய ஓக் பலகை. காலால் மிதித்துக் கிளப்பினால் முதல் மிதியிலேயே உறுமும். கேட்பதற்கு உதிரிபாகம் எதுவும் பாக்கியில்லை. போன் அடிப்பதும் நின்றுபோனது.

அப்புறம்தான் அந்த அட்டை.

அந்தக் கோடை முழுவதும் ஆட்கள் காரை நிறுத்தி இறங்கிப் பார்த்தார்கள். கார் ஓரங்கட்டுவது தெரிந்தால் போதும், வெர்லின் சட்டையை உள்ளே சொருகிக்கொண்டே வந்துவிடுவார். எஞ்சின் மூடியைத் திறந்து காட்டுவார், பலகையைத் தடவச் சொல்வார், வெயிலாக இருந்தால் எலுமிச்சை சர்பத் கொடுப்பார். பிஸ்மார்க் நகரத்திலிருந்து வந்த ஒருவர் என் கடையில் தொப்பென்று உட்கார்ந்தார்.

“உங்க ஊர்க்காரர் வியாபாரம் பண்றாரா, விருந்து வைக்கிறாராங்க? மத்தியானம் பூரா வண்டியக் காட்டினாரு. சரி, எடுத்துக்கறேன்னு சொன்னதும் யாரோ முன்பணம் குடுத்துட்டாங்கன்னு சொல்றாரு!”

மறுநாள் காலை வெர்லின் வழக்கம்போல் ஜன்னலோரம் வந்து உட்கார்ந்ததும் கேட்டேன்.

“யாரு முன்பணம் குடுத்தது?”

“ஒருத்தர்.”

“அந்த ஒருத்தருக்குப் பேரு இருக்குமே?”

“காப்பி ஆறிப்போச்சு ஜனெல். கொஞ்சம் சூடா ஊத்து.”

ஊற்றினேன். அதற்குமேல் நான் கேட்கவில்லை. விஷயம் எனக்குப் புரிந்துவிட்டது.

கோதுமை அறுப்பு முடிந்த சமயத்தில் மினசோட்டாவிலிருந்து கொரின் லின்டால் வந்தாள். செடிப்பண்ணை வைத்திருக்கிறவள், ஆள் உயரம், குரல் அதைவிட உயரம். வண்டியை ஓட்டிப் பார்க்காமல் நகரமாட்டேன் என்று நின்றாள். வெர்லின் யாரையும் ஓட்டவிட்டதில்லை. அன்று என்ன தோன்றியதோ, சாவியை நீட்டிவிட்டு மறுபக்கம் ஏறிக்கொண்டார்.

திரும்பி வந்து இருவரும் நேராக என் கடைக்குள் நுழைந்தார்கள். வெர்லின் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். சிரித்துச் சிரித்து வந்த கண்ணீர்.

“கியர் இப்படிக் கத்துதேன்னு கேட்டேங்க,” என்றாள் கொரின் என்னிடம். “இவரு சொல்றாரு, ‘கத்துறது கியர் இல்லம்மா, என் நெஞ்சு’ன்னு!”

“பள்ளத்துல வேற இறக்கப் பாத்தா,” என்றார் வெர்லின்.

“அங்க பள்ளம் வெட்டினவன் மேல தப்பு. சரி வெர்லின், வண்டி எனக்குத்தான். முடிச்சிருவோம்.”

அவர் முகத்திலிருந்து சிரிப்பு மெல்ல இறங்கியது. “அது வந்தும்மா… ஒருத்தர் முன்பணம் குடுத்திருக்காரு.”

“யாரு? போன் நம்பர் குடுங்க, நான் பேசறேன். ரெண்டு நிமிஷத்துல ஒத்துக்க வைக்கறேன்.”

வெர்லின் என்னைப் பார்த்தார். ஏதாவது ஒரு பெயரை நான் சொல்லியிருக்கலாம். காப்பிக் குடுவையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

“யாரும் இல்லம்மா,” என்றார் அவர்.

“அப்படிச் சொல்லுங்க!” என்று கொரின் அவர் தோளில் ஒரு தட்டு தட்டினாள். அவர் சொன்னதில் பாதிதான் அவள் காதில் விழுந்தது.

இழுவை வண்டி அனுப்புகிறேன் என்றாள். வெர்லின் சம்மதிக்கவில்லை. “அது ஓடற வண்டி. நானே கொண்டாந்து விடறேன்.” அடுத்த வாரம் சவரம் செய்து, ஆர்டிஸ் பின்னிய ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு கிழக்கே கிளம்பினார். வளைவு தாண்டும்போது எனக்காக ஒருமுறை ஹாரன் அடித்தார்.

திரும்பி வந்தது பஸ்ஸில். பெட்ரோல் பங்கில் இறங்கியவரை நான்தான் போய் அழைத்து வந்தேன்.

“நல்லா கவனிச்சாங்களா?”

“நல்ல ஜனங்க. கறி வறுத்தாங்க. என்னைய இன்னும் ஒரு நாள் இருக்கச் சொன்னாங்க.”

“இருந்திருக்கலாமே?”

“இருந்தேன். காலைல ஆளாளுக்கு வேலைக்குப் போயிட்டாங்க. நான் செடிங்களைப் பாத்துட்டு உக்காந்திருந்தேன்.” ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். “என் வண்டில மண்ணு மூட்டை ஏத்துறாங்க ஜனெல். சரிதான். அதுக்குத்தானே செஞ்சது அது.”

வண்டி நின்ற இடத்தில் புல் வெளுத்துக் கிடந்தது. பனி விழுந்ததும் அதுவும் மறைந்தது. அந்தக் குளிர்காலம் அவர் கடைக்கு வருவதே குறைந்துபோனது. வந்தாலும் சாலையைப் பார்த்து உட்கார்ந்திருப்பார். வண்டி செய்கிற காலத்தில் பழகிய ஒஹையோக்காரரைப் போனில் கூப்பிட்டுப் பார்க்கச் சொன்னேன். “என்ன வேணும்னு கேப்பான். என்ன சொல்லட்டும்?” என்றார்.

பனி உருகியபின் ஒரு ஞாயிற்றுக்கிழமை கடைக் கதவைத் தட்டினார்.

“உன் கார் வேணுமே. வடக்கால ஒரு பண்ணைல டிராக்டர் விக்கறாங்களாம். பாத்துட்டு வருவோம்.”

“உங்களுக்கு எதுக்கு டிராக்டர்? நிலத்தைத்தான் எப்பவோ வித்தாச்சே.”

“பாக்கக் கூடாதா?”

போனோம். பழைய சிவப்பு டிராக்டர் ஒன்று சேற்றில் நின்றது. விற்கிறவர் பெயர் டெல்பர்ட். வெர்லினைவிட மூத்தவர், தடி ஊன்றி வந்தார். வெர்லின் சேற்றில் முழங்கால் போட்டு அடியில் எட்டிப் பார்த்தார். பம்ப்பைப் பற்றிக் கேட்டார், பற்சக்கரத்தைப் பற்றிக் கேட்டார். டெல்பர்ட் ஒவ்வொன்றுக்கும் அந்த டிராக்டரின் கதையையே சொன்னார். பிறகு இருவரும் வீட்டுக்குள் போய்விட்டார்கள். என்னையும் கூப்பிட்டார்கள்தான். நான் காரிலேயே இருந்தேன்.

வெயில் சாய்கிற நேரத்தில் வெர்லின் கை நிறைய பிஸ்கட்டோடு வந்து ஏறினார்.

“வாங்கப் போறீங்களா?”

“ரேடியேட்டரைச் சரியாப் பாக்கல. அடுத்த ஞாயிறு வரேன்னு சொல்லியிருக்கேன்.” ஒரு பிஸ்கட்டை எனக்கு நீட்டினார். “பேச ஆரம்பிச்சா மனுஷன் விடவே மாட்டேங்கறாரு. பாவம், அவ்வளவு பெரிய வீட்ல ஒத்தையா இருக்காராம்.”

நான் பிஸ்கட்டை வாங்கிக்கொண்டு காரைக் கிளப்பினேன். டெல்பர்ட் வாசலில் நின்று கையசைத்துக்கொண்டிருந்தார். வெர்லினும் ஜன்னலை இறக்கி, பண்ணை கண்ணுக்கு மறையும்வரை கையசைத்தார்.